கணினி காணாத வன்தட்டு: தடை எந்தப் படியில்?

கணினியை இயக்கியதும் வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், திரையில் தோன்றாவிட்டால், அதிலிருந்த தரவுகள் அனைத்தும் அழிந்துவிட்டன என்று பலரும் முடிவுகட்டிவிடுகின்றனர். ஆனால் மின்சாரம் உள்ளே சேர்வது, தட்டுகள் சுழல்வது, வன்தட்டு தன் பெயரையும் கொள்ளளவையும் கணினிக்குத் தெரிவிப்பது, அதன் பகுப்புகளை விண்டோஸ் போன்ற இயங்குதளம் படித்தறிவது ஆகிய படிகள் ஒவ்வொன்றும் நிறைவேறிய பின்னரே கோப்புகள் கண்ணுக்குத் தெரியும். ஆகவே தடை எந்தப் படியில் நேர்ந்தது என்று கண்டறிவதே பழுதுநீக்கத்தின் அடிப்படையாகும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலையேறும் சாலையில், பழனி மலைத்தொடரின் தாழ்ந்த பகுதியில் அமைந்துள்ள பாச்சலூர் போன்ற ஊர்களுக்கு இவ்வறிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது. காப்பி, மிளகு, மலைவாழைத் தோட்டங்களின் கணக்குகளும் பத்திரங்களின் நகல்களும் குடும்பப் படங்களும் ஒரே வன்தட்டில் அடைந்துகிடக்கும் வீட்டில், அவசரத்தில் எடுக்கும் ஒரு தவறான முடிவு ஈடுசெய்ய இயலாத இழப்பாகிவிடும்.

வன்தட்டினுள் காந்தப்பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, படிக்கும் முனை அவற்றைத் தொடாமல், ஒரு தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில், காற்றின் தாங்கலில் மிதக்கிறது. மலையில் காற்றழுத்தம் குறைவதால் வன்தட்டு கெடும் என்னும் அச்சம் இங்குத் தேவையற்றது. பெரும்பாலான வன்தட்டுகள் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம்வரை இயங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன, இதே மலைத்தொடரின் உயர்ந்த பகுதியிலுள்ள கொடைக்கானல் நகரமோ 2,100 மீட்டர் அளவிலேயே உள்ளது. மலையூர்களில் கவனிக்க வேண்டியவை இடி மின்னலும் ஏறியிறங்கும் மின்னழுத்தமும் ஈரப்பதமுமே.

மின்சாரமும் கேபிளும்

வன்தட்டில் காதை வைத்தால் சுழலும் ஒலி கேட்கிறதா என்பதே முதற்சோதனை. மேசைக்கணினியின் 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும். மடிக்கணினியிலும் சிறிய புறவன்தட்டிலும் உள்ள 2.5 அங்குல வகைக்கு 5 வோல்ட் மட்டும் போதும். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும் 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தருமாறு வரையறுக்கப்பட்டுள்ளன. சுழலத் தொடங்கும் நொடியில் வன்தட்டுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்பதால், நீண்ட கேபிளிலோ ஹப்பிலோ செருகப்பட்ட வன்தட்டு சுழல முயன்று நின்றுவிடக்கூடும். கேபிளை மாற்றி, மேசைக்கணினியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகிப் பார்ப்பது செலவில்லாத முதல் வைத்தியம்.

மின்னலுக்குப் பின் ஒலியே இல்லாமல் போனால், வன்தட்டின் அடியிலுள்ள மின்சுற்றுப்பலகை பழுதாகியிருக்கலாம். மிகை மின்னழுத்தம் வரும்போது தான் குறுக்குச்சுற்றாகி மற்ற உறுப்புகளைக் காக்கும் டயோடு பல பலகைகளில் உண்டு. அது கருகியிருந்தாலும் தட்டிலுள்ள தரவு நலமாகவே இருக்கக்கூடும். ஆயினும் அதே மாதிரிப் பலகை ஒன்றை வாங்கிப் பொருத்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய தனித்த அளவீடுகள் பழைய பலகையின் ரோம் எனப்படும் நிலைநினைவகச் சில்லில் பதிந்திருப்பதால், தேர்ந்தவர் அந்தச் சில்லையும் புதிய பலகைக்கு மாற்றியாக வேண்டும்.

பயாஸ் தரும் சாட்சி

இயங்குதளம் தொடங்குமுன் கணினி தன் உறுப்புகளைச் சரிபார்க்கும் பகுதியே பயாஸ். புதிய கணினிகளில் அதன் இடத்தில் யுஇஎஃப்ஐ உள்ளது. அதில் வன்தட்டின் பெயரும் சரியான கொள்ளளவும் தெரிந்தால் மின்சாரமும் கேபிளும் பெரும்பாலும் சரி. தடை அதற்கடுத்த படியில் இருக்கிறது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், டிரைவ் எழுத்து விடுபட்டிருப்பதும் வன்தட்டு ‘ஆஃப்லைன்’ நிலையில் இருப்பதும் அங்கே தெரியவரும். இவை சில நொடிகளில் சரிசெய்யத்தக்கவை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் அமைந்த பகுப்பை விண்டோஸ் இயல்பாகப் படிக்காததால், நல்ல வன்தட்டும் கெட்டுப்போனதுபோல் தோன்றலாம்.

இக்கட்டத்தில் ‘ஃபார்மட் செய்யவா?’, ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். தரவு வேண்டுமெனில் இரண்டுக்கும் ‘கேன்சல்’ என்பதே விடை. பிழைதிருத்தும் செக்டிஸ்க் கட்டளையும் வன்தட்டின் மீது எழுதக்கூடியது என்பதால், படியெடுத்து முடிக்குமுன் அதை இயக்கலாகாது. குனு டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள், நன்றாகப் படிக்கத்தக்க பகுதிகளை முதலில் வேறொரு வன்தட்டுக்கு நகலெடுத்துவிட்டு, பழுதான பகுதிகளைப் பின்னர் முயல்கிறது. வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197 ஆகிய எண்களுக்குரிய அளவுகள் கூடினால் தட்டின் பரப்பு தேய்கிறது என்றும், 199 கூடினால் கேபிளை ஐயுற வேண்டும் என்றும் கொள்ளலாம்.

‘டிக், டிக்’ என்ற ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால், படிக்கும் முனை தன் இடத்தைக் காணாமல் தடுமாறுகிறது என்று பொருள். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். மேலும் ஒவ்வொரு முறை இயக்குவதும் தட்டைச் சுரண்டக்கூடும். மூடியைத் திறந்து பார்ப்பதும், குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் கேட்டை வளர்க்குமே தவிர நீக்கா. இந்நிலையில் தூசியற்ற அறையுள்ள மீட்பு ஆய்வகமே நாடத்தக்கது.

மலை தரும் பாடம்

தரவைக் காக்கும் முறைக்கு இதே மலைத்தொடரில் சிறந்த முன்மாதிரி உண்டு. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் சூரியனின் படங்கள் கண்ணாடித்தகடு, பிலிம் ஆகியவற்றில் பதிவாகிவந்தன. சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் இங்கேதான். இப்பதிவுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்முறைக்கு மாற்றியுள்ளது. மூலமும் நகலும் வேறுவேறு வடிவில் இருப்பதால், ஒரு வன்தட்டு பழுதாவது அங்கே நூற்றாண்டுச் செல்வத்தின் அழிவாகிவிடாது.

வீட்டுக்கும் இதே நெறி பொருந்தும். முதன்மைக் கோப்புகளுக்கு இரு நகல்கள் வைத்து, அவற்றில் ஒன்றை உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ காப்பதும், இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதும், வீட்டின் எர்த் இணைப்பைச் சரிபார்ப்பதும் எளிய செயல்கள். வன்தட்டு என்றேனும் பழுதாகியே தீரும் ஒரு பொருள். மீட்பு ஆய்வகத்துக்குச் செலவிடும் தொகையில் மிகச்சிறு பங்கே நகலெடுக்கும் செலவு என்பதை உணர்ந்த குடும்பத்துக்கு, வன்தட்டு கெடும் நாள் புதியதொன்றை வாங்கும் நாளாக மட்டுமே கழியும்.