மண்சரிவு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தை தோட்டத்து லயன்களின் மேல் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குப் பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொல்லியும் போகவில்லை என்ற பேச்சு அப்போது அடிபட்டது. எங்கே போவது? லயனும் தோட்டத்தின் கையில், நிலமும் அப்படியே. பேர் போடுவது இங்கே, சம்பளம் இங்கே. மாற்று இடத்தைக் காட்டாமல் "எழும்பிப் போங்கள்" என்பதை எச்சரிக்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மலைநாட்டின் அடிப்பாறை மிகப் பழையது, உறுதியானது. ஆபத்து அதன் மேல் கிடக்கும் மண்ணில். முன்னொரு காலத்தில் சரிந்து வந்த மண்ணும் கல்லும் மலை மடிப்புகளில் தங்கிக் கிடக்கின்றன. நாட்கணக்கில் மழை பெய்தால் மண் துணிக்கைகளுக்கிடையே நீர் நிரம்பி அழுத்தும். ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். கான்கள் தூர்ந்துபோன தோட்டத்தில் தண்ணீர் ஓட வழியில்லாமல் உள்ளேயே இறங்கும். வீடு கட்டவும் பாதை போடவும் சரிவின் அடியை வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடும்.

மழையே இல்லாத இடத்திலும் மண் சரியும். 1972 டிசம்பரில் அப்பலோ 17இல் சந்திரனுக்குப் போன புவியியலாளர் ஹரிசன் ஷ்மிட், டோரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் ஒரு பழைய சரிவின் மேலேயே நடந்தார். மலையிலிருந்து கிலோமீற்றர் கணக்கில் ஓடிப் பரவிய மண் அது. தூரத்து விண்கல் மோதலில் சிதறிய பாறைகள் விழுந்து அது சரிந்ததா, சந்திர நடுக்கத்தாலா என்று இன்றும் ஆராய்கிறார்கள். அங்கே யாரும் குடியிருக்கவில்லை, ஆறுதலாக ஆராயலாம். பதுளையில் ஆய்வு முடிவு வந்த கையோடு லயனுக்கு வந்து சேர வேண்டும்.

ஆய்வுக்குக் குறைவில்லை. பாறை அமைப்பு, மேல்மண், சரிவின் கோணம், நீரோட்டம், நிலப் பயன்பாடு, நில வடிவம் ஆகிய ஆறையும் சேர்த்துப் பார்த்து 1990களிலிருந்து ஆபத்து வலய வரைபடங்கள் தயாராகி வருகின்றன. மழைக்கும் அளவு உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். தோட்ட அலுவலகங்களில் தினமும் மழை அளப்பது பழைய வழக்கம். அந்தக் கணக்கை அடைமழை இரவில் லயனுக்கு வந்து சொல்வது யார் என்பதைத் தோட்டத் தலைவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே நிர்வாகத்துடன் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை கண்தான் காவல். சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்வது, கதவு திடீரென இறுகுவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, தெளிந்த ஊற்று கலங்குவது அல்லது சட்டென்று நிற்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழையளவுக்குக் காத்திருக்காமல் விலகிவிட்டு, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள்.

உங்கள் லயன் எந்த வலயத்தில் இருக்கிறது என்பதை அறிவது உங்கள் உரிமை. தோட்டக் கம்பனியிடம் கேட்டு அலைய வேண்டாம். அந்த இடம் பற்றிய மண்சரிவு ஆய்வு அறிக்கையின் பிரதி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமோ பிரதேச செயலகத்திலோ இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். சாதாரண விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல 14 வேலை நாட்கள் உண்டு. உயிரோடு தொடர்பான தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். எனவே "எங்கள் உயிருக்கு ஆபத்தான இடம் பற்றியது" என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது.

அறிக்கை கைக்கு வந்து, அதில் "அகற்ற வேண்டும்" என்று இருந்தால் அடுத்த கடிதம் பிரதேச செயலாளருக்கு: எங்கே, எப்போது, எந்த நிலத்தில்? லயன் மக்கள் எல்லோரும் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதிகாரிகள் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றம் போவதென்றால் உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதே மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. மாற்று வீடு கிடைக்கும்போது சாவியோடு காணி உறுதியையும் கேளுங்கள். அது உங்கள் பெயரில் இல்லையென்றால் நாளைக்கும் வேறொருவர் நிலத்தில்தான் இருப்பீர்கள்.