கடல்நீரில் நின்று படித்த கவிதை

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாட்டுக் கலைஞர்களை ஓர் ஊரில் கூட்டி நடத்தும் பெருங்காட்சியைப் பினாலே என்பர். 1895-இல் வெனிஸ் நகரம் தொடங்கிவைத்த இவ்வழக்கம், போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் மலையாளிக் கலைஞர் இருவரின் முயற்சியால் 2012 டிசம்பர் 12 அன்று கொச்சிக்கு வந்து சேர்ந்தது. இதற்கெனப் புதிய அரங்கம் எதுவும் எழுப்பப்படவில்லை. தேங்காய் எண்ணெயும் மிளகும் இஞ்சியும் ஏற்றுமதி செய்துவந்த ஆஸ்பின்வால் நிறுவனத்தின் கடலோரக் கட்டடங்களே முதன்மைக் காட்சியிடமாயின. காரை பெயர்ந்த சுவர்களும், சாளரத்துக்கு அப்பால் கப்பல்கள் நகரும் நீர்ப்பரப்பும் பார்வையாளரின் கண்ணில் படைப்புகளுக்கு முன்பே பட்டுவிடுகின்றன.

காட்சியின் முழுப்பெயர் கொச்சி முசிறி பினாலே. யவனர் கலங்கள் மிளகுக்காக வந்துசென்றதாகச் சங்கப் பாடல்கள் கூறும் சேரர் துறைமுகமே முசிறி என்பதால், தமிழ்ப் பார்வையாளருக்கு இப்பெயர் அயலானதன்று. முசிறி இருந்த இடமாகப் பலர் கருதும் பட்டணம் என்னும் ஊரின் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைத் தரையில் பரப்பி, ஒரு நகரத்தின் உருவத்தைக் கலைஞர் விவான் சுந்தரம் முதல் பினாலேயில் அமைத்தார். சட்டத்துக்குள் மாட்டப்படாமல், ஓர் இடத்தையே நிரப்பிப் பார்ப்பவரைச் சுற்றிவரச் செய்யும் இத்தகைய ஆக்கம் நிறுவுகலை எனப்படுகிறது.

நிறுவுகலை உடலால் அறியப்படுவது என்பதற்கு, 2016-ஆம் ஆண்டுக் காட்சியில் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரித்தா படைத்த 'வலியின் கடல்' தக்க சான்று. 1973-இல் சிலியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானவர் அவர். நீண்ட பண்டகசாலை ஒன்றில் கடல்நீரைத் தேக்கி, பக்கச் சுவர்களில் கேள்வி வடிவிலான வரிகளைத் தொங்கவிட்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கி நடந்தவருக்கே கவிதையின் இறுதிப் பகுதி எட்டியது. 2015-இல் துருக்கிக் கரையில் சடலமாக ஒதுங்கிய சிரிய அகதிக் குழந்தை ஆலன் குர்தியின் ஒளிப்படத்தை உலகமே பார்த்தது. அவனோடு மூழ்கிய அண்ணன் காலிப்புக்கு அத்தகைய படம் எதுவுமில்லை. அந்த அண்ணனுக்கே சூரித்தா இப்படைப்பை உரித்தாக்கினார். அகதிகளைப் பற்றிய செய்தியை நாள்தோறும் படித்துக் கடந்துபோகும் ஒருவர், நனைந்த ஆடையோடு நின்று அதையே படிக்கும்போது அவ்வளவு எளிதில் கடந்துவிட முடிவதில்லை.

இதற்கு முந்தைய 2014-ஆம் ஆண்டுக் காட்சியில் சிற்பி அனிஷ் கபூர், கடலை நோக்கிய அறையின் தரையில் ஓயாது சுழன்று உள்வாங்கும் நீர்ச்சுழி ஒன்றை அமைத்தார். பின்னர் அதன் வேறு வடிவங்கள் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்திலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் வைக்கப்பட்டன. ஆயினும், கடல் வணிகத்தால் செழித்த ஒரு கட்டடத்தின் தரைக்குள்ளிருந்தே நீர் இரைந்து சுழலும் அச்சம் கொச்சிக்கு மட்டுமே உரியது. 2018-இல் வங்கதேசக் கலைஞர் மர்சியா ஃபர்ஹானா, அவ்வாண்டு கேரள வெள்ளத்தில் பாழான வீட்டுப் பொருள்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டதும் இவ்வகையினதே. அதைப் பார்த்த உள்ளூர் மக்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

எல்லாப் படைப்புகளும் இவ்வாறு நேரே பேசுவதில்லை. எவரெவரை அழைப்பது, எதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் க்யூரேட்டர் ஒவ்வொரு பதிப்பிலும் மாறுவதால் காட்சியின் குணமும் மாறுகிறது. சில பதிப்புகளில் சுவரிலுள்ள விளக்கக் குறிப்பு படைப்பைவிடக் கடினமான நடையில் அமைந்துவிடுகிறது. இருட்டறையில் நெடுநேரம் ஓடும் காணொளிகள் பலவற்றைத் தொடக்கம் முதல் பார்க்க ஒரு பகல் போதாது. பெரும்பாலோர் இடையில் நுழைந்து இடையிலேயே வெளியேறுகின்றனர். இதைப் பார்வையாளரின் பொறுமையின்மை என்று பழிப்பதைவிட, காட்சி அமைத்தவர்கள் அவருடைய நேரத்தைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதே பொருத்தம்.