குளிர்காலக் கடலும் ‘சொந்தப் பொறுப்பு’க் கையெழுத்தும்

கார்த்திகை பிறந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் தனி மவுசு. கோவளத்தில் சர்ஃபிங், முட்டுக்காட்டில் கயாக், திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிள் என்று சனி, ஞாயிறுகளில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. மே மாதத்தில் காலை ஏழு மணிக்கே முதுகு சுடும் ஊரில் இந்த இரண்டு மூன்று மாதங்களை விட்டால் வேறு எப்போது போவது? ஆசையில் தப்பே இல்லை.

ஆனால் நமக்கு இதமான காலம் வங்கக் கடலுக்கு இதமான காலமில்லை. வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருவது இதே மாதங்களில்தான். 2016 டிசம்பரில் வர்தா சென்னையைப் புரட்டிப்போட்டது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் வந்தது. புயல் இல்லாத நாளிலும் வாடைக்காற்று கடலைக் கிளறிக்கொண்டே இருக்கும். கோடையில் வடக்கே ஓடும் கரையோர நீரோட்டம் இப்போது தெற்கே திரும்பியிருக்கும். இறங்கிய இடத்திலேயே கரையேறலாம் என்று நினைப்பவர், பத்து நிமிடத்தில் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடுவார்.

அதைவிட மோசமானது உள்ளிழுக்கும் நீரோட்டம். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்த நிறத்தில் அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் அங்கேதான் குழந்தையை இறக்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அதுதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. நல்ல நீச்சல்காரருக்கும் அதில் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். அதுவும் முடியாதென்றால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். சர்ஃபிங் பலகையோடு இருப்பவர் எக்காரணம் கொண்டும் பலகையை விட்டுவிடக் கூடாது. கணுக்காலில் கட்டும் லீஷ் கயிறு அதற்குத்தான்.

கயாக் ஓட்டுபவர்கள் காயல்தானே என்று அலட்சியமாக இருக்கிறார்கள். முட்டுக்காடு போன்ற இடங்களில் வறண்ட மாதங்களில் முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக்கொள்ளும். மழை கொட்டியதும் அது உடைந்து திறந்துகொள்ளும். அதன் பிறகு கடல் மட்டம் இறங்கும் வற்ற நேரத்தில் காயல் தண்ணீர் மொத்தமும் அந்தக் குறுகிய வாயை நோக்கி ஓடும். துடுப்பைப் பிடிக்கவே அன்றுதான் கற்றவர் அந்தப் பக்கம் போனால் படகு நேரே அலைக்குள் போய் நிற்கும். புறப்படும் முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘முகத்துவாரம் திறந்திருக்கா, இப்ப ஏத்தமா வத்தமா?’ பதில் சொல்லத் தெரியாதவரிடம் படகு வாங்க வேண்டாம். வெள்ளநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காமல் இருப்பதே நல்லது. இறங்கிவந்த பிறகு சில நாட்களிலோ இரண்டு மூன்று வாரத்துக்குள்ளோ காய்ச்சல் கண்டால், ‘மழைத்தண்ணியில இறங்கினேன்’ என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையை நாள்தோறும் வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் உயர் அலை, கள்ளக்கடல் (திடீரெனப் பொங்கும் கடல்) எச்சரிக்கைகளைத் தருகிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே நடப்பில் இருந்தது. அது கோடைதான், ஆனால் எச்சரிக்கைக்கும் கரையில் நிற்பவருக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லாப் பருவத்திலும் ஒன்றுதான். மீனவருக்குப் போகக் கூடாது என்று சொன்ன நாளில், ஒரு மணி நேரம் முன்பு நுரைப்பலகையில் நிற்கக் கற்றவர் போகலாமா? குப்பத்துப் பெரியவர் ஒருவர் ‘இன்னிக்கு வேணாம் தம்பி’ என்றால் கைப்பேசியில் எந்தச் செயலி என்ன சொன்னாலும் திரும்பிவிடுங்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இறங்குகிறார்கள்? பெரும்பாலும் முன்பணத்துக்காக. வாட்ஸ்அப்பில் பணம் அனுப்பியாகிவிட்டது, ‘கேன்சல் பண்ணா ரீஃபண்ட் கிடையாது சார், ஒண்ணும் ஆகாது, வாங்க’ என்கிறார் நடத்துபவர். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போய்விடுமே என்று நான்கு பேர் கடலில் இறங்குகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையை நான் பாதுகாப்புச் சாதனங்களின் வரிசையிலேயே வைப்பேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீது தராமலிருப்பதும் அப்படியே. பாதுகாப்பற்ற கடலில் இறங்க மறுத்த வாடிக்கையாளரின் பணத்தை விழுங்கிக்கொள்வது சரி என்று வாதிடுவது நடத்துபவருக்கு எளிதாக இருக்காது. பணம் கட்டும் முன்பே ‘வானிலை சரியில்லன்னா பணம் திரும்ப வருமா, வேற தேதி தருவீங்களா?’ என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது அந்தக் காகிதம். ஈரக் கையோடு, பலகை மேல் வைத்து நீட்டப்படும் ஒற்றைத் தாள். பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். ‘என்ன நடந்தாலும் நானே பொறுப்பு, நிறுவனம் பொறுப்பல்ல’ என்பது சாரம். இதில் கையெழுத்திட்டுவிட்டால் எல்லா உரிமையும் போய்விட்டதாகவே பாதிக்கப்பட்ட குடும்பங்கள் நினைக்கின்றன. அப்படி இல்லை. அலையில் புரண்டு தோள்பட்டை பிசகுவது போன்ற, விளையாட்டோடு ஒட்டிப் பிறந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றீர்கள் என்பதற்கு அது சான்றாகலாம். ஆனால் பயிற்சியில்லாத ஆள், கிழிந்த மிதவை உடை, எச்சரிக்கையை மீறி இறக்கிவிட்டது போன்ற அலட்சியங்களுக்கு அந்தத் தாள் நிறுவனத்துக்கு முழுக் கவசமாகிவிடாது. அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் குற்ற வழக்கும் வரும். எந்தக் கையெழுத்தும் அதைத் தடுக்க முடியாது. தாளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்களுக்கே உதவும்.

நடத்துபவரிடம் என்ன கேட்கலாம்? தமிழ்நாட்டில் சாகசச் சுற்றுலா நடத்துபவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு. பதிவு எண்ணைக் கேளுங்கள். சர்ஃபிங் பயிற்சியாளருக்குச் சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் சான்றிதழ், உயிர்காப்பாளருக்குக் கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் போன்ற இடத்தில் பெற்ற பயிற்சி ஆகியவை இருந்தால் நல்லது. ஆனால் சான்றிதழைவிட நான் நம்புவது மிதவை உடையின் கொக்கியைத்தான். மூன்று கொக்கியில் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடையை மாட்டி எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறிவந்தால் அளவு சரியில்லை. தண்ணீரில் அது உடம்பை விட்டு நழுவும். பெரியவர் உடையைக் குழந்தைக்கு மாட்டிவிடுவது மாட்டாததற்குச் சமம்.

விபத்து நடந்துவிட்டால் முதல் வேலை உயிர்தான். மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்துச் சுவாசமும் மார்பழுத்தமும் கொடுக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108. கடலில் தேடுவதற்குக் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் நகராதீர்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேளுங்கள். உடைந்த உடை, பலகை, அன்றைய கடல் எல்லாவற்றையும் படமெடுங்கள். மறுநாள் போனால் கரையில் புது உடைகள் வரிசையாகத் தொங்கும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக கோவளத்துக்கும் செங்கல்பட்டுக்கும் அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சேலத்துக்காரர் சேலத்தில். நீங்கள் கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பதை வைத்து ஆணையம் தீர்மானிக்கப்படுவதில்லை, செலுத்திய கட்டணத்தை வைத்தே தீர்மானிக்கப்படும். ஆகவே இரண்டாயிரம் ரூபாய் பயிற்சி வழக்கு மாவட்ட ஆணையத்திலேயே நடக்கும், மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டால் சிறு தொகைகள் பேச்சிலேயே திரும்பிவிடுவதுண்டு.

சைக்கிள்காரர் கதை வேறு. அவருக்கு ஆபத்து தண்ணீரில் இல்லை, பின்னால் வரும் காரில். பொங்கல் சமயத்தில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும். நாலரைக்குக் கிளம்புபவர் இரண்டு மணி நேரம் இருட்டில் ஓட்டுகிறார், சில நாள் பனிமூட்டத்திலும். பின்புறம் சிவப்பு விளக்கு, ஒளிரும் சட்டை, ஹெல்மெட் இல்லாமல் கிளம்பாதீர்கள். இவை உயிரைக் காக்கும். பின்னாளில் ‘இவர் மீதும் தவறு உண்டு’ என்று இழப்பீட்டை வெட்ட வரும் வாதத்தையும் தளர்த்தும். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை போகும். தண்ணீர் குடித்துக்கொண்டே போங்கள்.

வாகனம் இடித்தால் தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தூக்கிக்கொண்டு போனவரை யாரும் மிரட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவரைக் காக்கிறது. காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. 2022-இல் வந்த திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உண்டு. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது வழி இருப்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் விட்டுவிடுகின்றன.

கடைசியாக மருத்துவக் காப்பீடு. ‘சாகச விளையாட்டு, க்ளெய்ம் கிடையாது’ என்று கைவிரித்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்கு, சாகச விளையாட்டில் தொழில்முறையாகப் பங்கேற்பவருக்குத்தான். விடுமுறையில் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பலகையில் ஏறியவர் தொழில்முறை வீரர் ஆகமாட்டார். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கட்டணமில்லை. தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் பயணக் காப்பீட்டிலும் வாசகம் மாறும். அதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.