பழைய அமெரிக்கப் பேஸ் கருவிகளை அறியும் முறை

ஒரு நூலின் காலத்தைத் துணிவதற்கு அகச்சான்று, புறச்சான்று என இருவகைச் சான்றுகளை நாம் நாடுகிறோம். நூலின் தலைப்பில் அகத்தியர் பெயர் இருப்பினும், உள்ளே வரும் சொற்கள் பிற்காலத்தனவாயின் அப்பெயரை ஏற்பதற்கில்லை. பழைய இசைக்கருவிகளை மதிப்பிடுவோரும் இதே இடர்ப்பாட்டிற்கு உள்ளாகின்றனர். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியாகிய நியூ இங்கிலாந்தில் செய்யப்பெற்ற பேஸ் கருவிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பேஸ் என்பது தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது. நியூ இங்கிலாந்தின் தேவாலயங்கள் பல, குழலார்கன் என்னும் கருவியை ஆடம்பரம் எனக் கருதி நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தன. ஆயினும் பாடகர் கூட்டம் சுருதி தவறாமல் பாட ஒரு துணை வேண்டுமன்றோ? அதற்கெனப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வில்கொண்டு இசைக்கும் பெரிய நரம்புக் கருவியொன்று ஆலயத்தினுள் புகுந்தது. 'தேவாலய பேஸ்' என்று இன்று ஆய்வாளர் குறிப்பது இதுவே. அக்கால மக்கள் இதனைப் 'பேஸ் வயோல்' என்றனர். ஆனால் ஐரோப்பாவில் வயோல் எனப்பட்டது வேறு. அதற்குக் கழுத்தில் மெட்டுகள் உண்டு. நரம்புகளும் பெரும்பாலும் ஆறு. நியூ இங்கிலாந்துக் கருவிக்கோ மெட்டு இல்லை. செல்லோவைப்போல நான்கு நரம்புகளே. பெயரை நம்பிப் பொருளைத் துணிவது எத்துணைப் பிழை என்பதை, 'வீணை' என்னும் சொல்லின் வரலாறு அறிந்த ஆசிரியர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இக்கருவிகளைச் செய்தவருள் முற்பட்டவர் மாசசூசெட்சு மாநிலத்து மில்ட்டன் ஊரினரான பெஞ்சமின் கிரேஹோர். மிகுந்த புகழ் பெற்றவர் ஏபிரகாம் பிரெஸ்காட் (1789–1858). இவர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டீர்பீல்டு என்னும் சிற்றூரில் 1809இல் முதற் கருவியைச் செய்தார். 1830களின் தொடக்கத்தில் கான்கார்டு நகருக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார். ஆகவே, உள்ளே ஒட்டிய சீட்டு உண்மையானதாயின், அதில் காணும் ஊர்ப்பெயரே காலத்தை ஒருவாறு காட்டிவிடும்.

இடர்ப்பாடு அச்சீட்டில்தான் இருக்கிறது. சீட்டு உதிர்ந்துபோன கருவிகள் பல. அவற்றை விற்போர், தமக்குத் தெரிந்த ஒரே பெயராகிய பிரெஸ்காட்டின் பெயரையே சூட்டிவிடுகின்றனர். மருத்துவ நூல்களுக்கெல்லாம் அகத்தியரை ஆசிரியராக்கியது போன்றதே இது. பிறநாட்டுத் தொழிற்சாலைக் கருவிகளும் பெருந்தொகையாக அமெரிக்காவிற்குள் வந்தன. 1890ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின்படி, 1891 முதல் இறக்குமதிப் பொருள்மீது அது செய்யப்பட்ட நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டியதாயிற்று. சீட்டில் 'ஜெர்மனி' என அச்சிட்டிருந்தால், மேலே எவர் பெயர் இருப்பினும், அச்சீட்டு அவ்வாண்டிற்கு முற்பட்டதாதல் அரிது.

எனவே உட்புறத்தைக் காண வேண்டும். சிறு கண்ணாடியும் விளக்கும் போதும். ஐரோப்பிய நகரங்களில் முறையாகப் பயின்ற கைவினைஞர், விலாப்பலகைகள் கூடும் மூலைகளில் மரக்கட்டைகள் வைத்து, ஓரங்களில் மெல்லிய மரப்பட்டிகளை ஒட்டுவர். நியூ இங்கிலாந்தினர் பலர் தச்சு வேலையில் பழகியவர். முகப்பலகையிலும் பின்பலகையிலும் பள்ளம் வெட்டி, விலாப்பலகையை அதனுள் செருகி ஒட்டினர்; மூலைக்கட்டைகளை விட்டனர். உடல் செல்லோவினும் பெரிது, கழுத்தோ குறுகியது. ஆயின் பள்ளம் வெட்டும் முறை ஐரோப்பியச் சிற்றூர்களிலும் இருந்தது. ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது. மரம், வேலை, அளவு, சீட்டு ஆகிய நான்கும் ஒத்துப்பேச வேண்டும்.

மாணவன் வீட்டுப்பாடத்தைத் தமையன் எழுதிக்கொடுத்தால், பெயரைப் பாராமலே ஆசிரியர் கையெழுத்தால் கண்டுகொள்கிறார் அல்லரோ? உளியின் தடமும் அத்தகையதே.

பிற்காலத்து அமெரிக்க பேஸ்களில் இவ்வளவு ஐயம் இல்லை. சிக்காகோவின் கே நிறுவனம் 1930களின் பிற்பகுதியிலிருந்து ஒட்டுப்பலகையால் பெரிய பேஸ்களைச் செய்து குவித்தது. எஃப் எழுத்து வடிவத் துளையின் விளிம்பைக் கூர்ந்து நோக்கினால் பலகை அடுக்குகள் தெரியும். உள்ளே உள்ள வரிசை எண்ணால் ஆண்டினை அணுகலாம். நூறாண்டு நிறையாத இவை தொல்பொருள் அல்ல. ஆயினும் அடிபட்டாலும் எளிதில் பிளவா என்பதால் ஜாஸ் இசைஞர் விரும்புவர்.

மதிப்பு என்பது வேறு கணக்கு. தேவாலய பேஸின் உடல் பெரிதாகையால், செல்லோ பயின்றவர் கைக்கு அது இயல்பாக அமைவதில்லை. அதனால் நல்ல ஐரோப்பியச் செல்லோவின் விலையை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. பிரெஸ்காட்டின் மிகப் பெரிய பேஸ்களுக்கு இக்குறை இல்லை. அவற்றை இசைக்குழுவினர் இன்றும் விரும்பி வாசிக்கின்றனர். இவ்வேறுபாட்டால் நேர்ந்த கேடு பெரிது. வாசிப்பதற்கு உதவட்டும் என்று தேவாலய பேஸின் உடலை அறுத்துக் குறைத்தனர்; பழைய கழுத்தை அகற்றிப் புதிது பொருத்தினர்; வார்னிஷைச் சுரண்டிப் பளபளப்பாக்கினர். இவ்வாறு செய்தோர் தீய நோக்கினர் அல்லர். ஆனால் ஒவ்வொரு செயலிலும் ஓர் அகச்சான்று அழிந்தது. செப்பம் செய்த கருவி விலையிலும் தாழ்ந்து, யார் செய்தது என்பதும் தெரியாமற்போகிறது.

பிரடைகள் செருகும் தலைப்பகுதியில் அடைக்கப்பட்ட பழைய துளைகள் தெரிந்தால், அதனைக் குறை எனக் கருதி மறைத்தல் கூடாது. மூன்று நரம்புகளோடு பிறந்த பெரிய பேஸ்கள் பல பின்னர் நான்கு நரம்பிற்கு மாற்றப்பெற்றன. அந்த வரலாற்றிற்கு அத்துளைகளே சான்று. உள்ளே பென்சிலால் எழுதிய பழுதுபார்த்தவர் பெயரும், கிழிந்த சீட்டின் எஞ்சிய துண்டும் அத்தகையனவே. கருவியைத் திறப்பதற்கு முன் அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்; துடைப்பதும் ஒட்டுவதும் அதற்குப் பின்னரே.