அருணாச்சலின் நீல எறும்பு: இது புது இனம் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

வீட்டில் எறும்பு வந்தால் முதலில் நிறத்தைத்தான் பார்ப்போம். கருப்பா? பிள்ளையார் எறும்பு, கடிக்காது, விட்டுடலாம். சிவப்பா? சர்க்கரை டப்பாவை உடனே இடம் மாத்தணும். சமையலறைக்கு இந்த அறிவு போதும். ஆனா ஓர் எறும்பு உலகத்துக்கே புதுசு என்று சொல்ல இது போதாது.

2024 மே மாத இறுதியில் 'ஜூகீஸ்' என்ற ஆய்விதழ் வழியாக ஓர் எறும்பு அறிமுகமானது. பெயர் பாராபாராட்ரெகினா நீலா. உடல் நீளம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதாவது கடுகளவு. கொம்பு, தாடை, கால் தவிர உடலின் பெரும்பகுதி உலோகம் போல மின்னும் நீலம். படம் சோஷியல் மீடியாவில் வேகமாகப் பரவியது. ஆனா அதைப் புது இனம் என்று அறிவிக்க, நிறத்தைத் தாண்டியும் நிறைய பார்க்க வேண்டியிருந்தது.

எங்கே கிடைத்தது?

அருணாச்சலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில், யிங்கு என்ற கிராமத்தில். 1911-12இல் ஆங்கிலேயர்கள் இங்கே ராணுவப் படையெடுப்பு நடத்தினார்கள். ஆதி பழங்குடி மக்களை அப்போது 'அபோர்' என்று அழைத்ததால் அதற்கு 'அபோர் பயணம்' என்று பெயர். படையோடு ஓர் அறிவியல் குழுவும் போய் அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தது. நூறு ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க, பெங்களூருவின் 'ஏட்ரீ' ஆய்வு நிறுவனத்தின் குழு கிளம்பியது.

ஒருநாள் மாலை 5 மணி வாக்கில், மாடு போகும் செங்குத்தான பாதை ஒன்றில், சுமார் 10 அடி உயரத்தில் இருந்த மரப்பொந்தில் ஏதோ மின்னியது. வெளிச்சம் போவதற்குள் இரண்டு பூச்சிகளை உறிஞ்சு குழாயில் பிடித்தார்கள். பார்த்தால், எறும்பு! ஏட்ரீயின் பிரியதர்சனன் தர்ம ராஜன், சஹனாஸ்ரீ ராமகிருஷ்ணையா, ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் அஸ்வஜ் புன்னாத் ஆகியோர் அதை விவரித்தார்கள்.

நீலமா இருக்கு, அது போதாதா?

போதாது. ஒரே இன எறும்புகளிலேயே நிறம் மாறலாம். வேறு வேறு இனங்கள் ஒரே நிறத்திலும் இருக்கலாம். பூச்சிகளில் நீலம் பெரும்பாலும் சாயத்தால் வருவதில்லை. உடலின் மேல்பரப்பில் உள்ள நுண்ணிய அமைப்புகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. அதனால் முதல் கேள்வி, இது எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்பதுதான். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும்.

முடி எண்ணும் வேலை

இந்தப் பேரினத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்று முடி. மார்புப் பகுதியின் மேல், நிமிர்ந்த முடிகள் பொதுவாக ஜோடி ஜோடியாக இருக்கும்: முன்பகுதியில் இரண்டு ஜோடி, நடுவில் ஒன்று, பின்பகுதியில் ஒன்று. நெருங்கிய சொந்தமான நைலாண்டெரியாவில் அந்தக் கடைசி ஜோடி இருக்காது. அந்த ஒரு ஜோடி முடி, எறும்பின் 'இனிஷியலையே' மாற்றிவிடும்!

2010 வரை இவையெல்லாம் பாராட்ரெகினா என்ற ஒரே பேரினத்தில்தான் அடைபட்டிருந்தன. டிஎன்ஏவை ஒப்பிட்ட பிறகுதான், இவை ஒரே குடும்பக் கிளை இல்லை என்று தெரிந்து தனித்தனியாகப் பிரித்தார்கள்.

பேரினம் முடிவானதும் அடுத்த கட்டம்: ஏற்கெனவே பெயர் பெற்ற சொந்தங்களோடு ஒப்பிடுவது. கிட்டத்தட்ட முக்கோணமான தலை, பெரிய கண்கள், ஐந்து பற்கள் கொண்ட தாடை, அந்த நீலம் எல்லாம் சேர்ந்த கலவை வேறு எதிலும் இல்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் இந்தப் பேரினத்தில் இதற்கு முன் புது இனம் விவரிக்கப்பட்டது 1902இல்!

கடைசியாக, ஒரு மாதிரியை 'மூல மாதிரி'யாக அறிவித்துப் பாதுகாக்க வேண்டும். நாளை யாருக்காவது சந்தேகம் வந்தால் அதை எடுத்து ஒப்பிடலாம். இந்த எறும்பின் ஆதார் அதுதான்.

சரி, பெயர் வைத்து என்ன லாபம்?

திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையை நினைத்துப் பாருங்கள். 2022இல் அங்கே ஆடு மாடுகளைத் தாக்கிய எறும்பை, உலகின் மோசமான ஆக்கிரமிப்பு இனங்களில் ஒன்றான அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ் என்று அடையாளம் கண்டார்கள். பெயர் தெரிந்ததும், பிற நாடுகளில் அதைப் பற்றிச் சேர்த்த அறிவு முழுவதும் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'மஞ்சள் கிரேசி எறும்பு' என்று பெயர். பாராட்ரெகினா லாஞ்சிகார்னிஸ் என்ற கருப்பு எறும்பும் 'கிரேசி எறும்பு'தான். பட்டப்பெயரை மட்டும் நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சியாங்கில் நிலைமை வேறு. அங்கே 11,000 மெகாவாட் நீர்மின் அணை திட்டமிடப்பட்டிருக்கிறது. ஆதி மக்கள் பலர் எதிர்க்கிறார்கள். அணைகளும் நெடுஞ்சாலைகளும் பள்ளத்தாக்கை வேகமாக மாற்றுகின்றன என்று எறும்பைக் கண்டறிந்த குழுவும் சொல்கிறது. ஒரு திட்டத்தால் எந்த உயிரினம் பாதிக்கும் என்று பட்டியல் போடும்போது, பெயர் இல்லாதது அதில் வராது. பட்டியலில் இல்லாத ஒன்று அழிந்தால் கணக்கிலும் வராது.

2016இல் வெளியான இந்திய எறும்புப் பட்டியலில் துணை இனங்களையும் சேர்த்து 828 பெயர்கள் இருந்தன. நீலா அதற்குப் பிறகு வந்தது. அதே பள்ளத்தாக்கின் வேறு பொந்துகளில், மின்னாத எறும்புகளும் இருக்கும். பளிச்சென்ற நிறம் இல்லாததால் அவை வைரலாகாது. ஆனா அவற்றுக்கும் யாராவது உட்கார்ந்து முடி எண்ணியாக வேண்டும்.