ரிட்லியும் பால்மரமும்

1910ஆம் ஆண்டில் லண்டன் சந்தையில் ரப்பர் விலை அதற்கு முன் எவரும் காணாத உயரத்தை எட்டிற்று. மோட்டார் வண்டிகள் பெருகின; அவற்றுக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். அவ்வாண்டிலே காட்டை அழித்துக் கன்று ஊன்ற விரைந்தோர் பலர். ஆனால் பால்மரம் மனிதரின் ஆசைக்கு இணங்கி வளர்வதன்று. நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் சென்ற பின்னரே அதன் பட்டையில் கத்தி வைக்க இயலும். அவர்களுடைய மரங்கள் பருவம் எய்தியபொழுது விலை வெகுவாக இறங்கிவிட்டது. ஏறிய விலையின் பயனைத் துய்த்தவர்கள், ரப்பரைப் பற்றிய பேச்சே அரிதாயிருந்த நாளில் நட்டவர்கள்.

இம்மரம் மலாயாவுக்கு உரியதன்று. 1876இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. மறு ஆண்டில் கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. சில பேராக்கில் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. மரங்கள் வளர்ந்தன. தோட்ட முதலாளிகளின் உள்ளமோ காப்பியில் இருந்தது.

1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, அம்மரங்களைப் பல ஆண்டுகள் விடாது சோதித்தார். பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். கொத்து மரக்கட்டை வரை பாய்ந்தால் காயம் ஆறாது முண்டும் முடிச்சுமாகிவிடும். அவ்விடத்தில் மீண்டும் வெட்ட முடியாது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள மெல்லிய வளர்படலத்தைத் தொடாமல், முந்திய வெட்டின் கீழ் விளிம்பில் நூலளவு சீவினாலே போதும் என்று ரிட்லி கண்டார். அவ்வாறு சீவினால் பட்டை மீண்டும் வளர்கிறது. முதல் வெட்டில் சிறிதே வடியும் பால், அடுத்தடுத்த வெட்டுகளில் பெருகுகிறது. விடியற்காலையில் மிகுதியாகச் சுரக்கிறது. விரைவில் முளைக்கும் திறன் இழக்கும் விதையை ஈரக் கரித்தூளில் பொதிந்து தொலைவுக்கு அனுப்பலாம் என்பதும் அவர் கண்டதே.

இத்தனையும் வாங்குவோர் இல்லாத காலத்தில் நடந்தவை! சட்டைப்பையில் விதைகளை வைத்துக்கொண்டு எதிர்ப்பட்ட தோட்டக்காரரிடமெல்லாம் நீட்டுவாராம். "பைத்தியக்கார ரிட்லி" என்று நகைத்தனர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டார். அதன் பின்னர்க் காப்பி விலை வீழவே, மற்றோரும் ரிட்லியின் விதையைத் தேடி வந்தனர்.

அவர் கண்ட வெட்டுமுறையைத் தோட்டங்களில் நாள்தோறும் செய்து காட்டியோருள் பெரும்பகுதியினர் தமிழர். கத்தி ஆழ்ந்தால் மரம் கெடும். மேலோடு நின்றால் மங்கு நிறையாது. அந்த அளவைக் கையே அறிதல் வேண்டும். இருள் பிரியுமுன் நிரையில் நின்று பழகிய கைகளுக்கு அது கைவந்தது. விலை ஏறிய 1910இலும் ஆதாயம் அக்கைகளை நாடி வரவில்லை என்பதை, ரிட்லியின் பெருமை எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

ரிட்லி 1956இல், தம் நூறாம் வயதில், இங்கிலாந்தில் மறைந்தார்.