ஆளுக்கு ஒரு வெள்ளி: மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் வந்த கதை

தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் ஆய்வு நடந்த துறைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை.

1949-ல் சிங்கப்பூரில் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே இந்தியா பற்றி ஒரு துறை வரப்போகிறது என்றதும் ஒரு கேள்வி எழுந்தது: எந்த இந்திய மொழியைச் சொல்லிக்கொடுப்பது? ஆலோசனை கேட்கப்பட்ட வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தைப் பரிந்துரைத்தார். இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கெடா பக்கம் கிடைத்த பழைய கல்வெட்டுகள் சமஸ்கிருதத்தில்தான் இருக்கின்றன. பழங்காலத்தை ஆராய்கிறவருக்கு அது தேவை.

ஆனால் அந்த மண்ணில் உயிரோடு இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் பேசியது தமிழ். ரப்பர் தோட்டம், ரயில்பாதை, துறைமுகம் என்று உழைக்கப் போனவர்கள். எங்கள் செட்டிகுளம் அப்போது இருந்த பழைய திருச்சி ஜில்லாவும் அப்படி நிறையப் பேரைக் கப்பலேற்றிய ஜில்லாதான்.

'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி பத்திரிகையில் எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். (அங்கே டாலரை வெள்ளி என்பார்கள்.) பெரிய முதலாளி நாலு பேரிடம் வாங்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு வெள்ளி கொடுத்தவன் ஒவ்வொருவனும் கோரிக்கையில் கையெழுத்துப் போட்ட மாதிரி; அந்தக் கணக்கு நிர்வாகத்துக்கும் புரியும். சேர்ந்த பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கப் போனது. 1956-ல் துறை தொடங்கியபோது பாடமொழி தமிழ்.

பிறகு துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1961-ல் தனிநாயகம் அடிகள் அங்கே பேராசிரியராக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கத்தோலிக்கக் குரு, 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழை 1952 முதல் நடத்தியவர். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேய அறிஞர் மாநாடு நடந்தபோது, அங்கே வந்திருந்தவர்களைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைத்ததில் அவருக்கும் வ. அய். சுப்பிரமணியத்துக்கும் பெரும்பங்கு உண்டு. மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கிவைத்தார். சென்னை மாநாடு 1968-ல்தான், அதாவது இரண்டாவது.

மாநாட்டை எல்லாரும் சொல்வார்கள். அதே 1966-ல் துறை வெளியிட்ட ஒரு புத்தகத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அந்தாவோ தெ புரோயென்சா என்ற இயேசு சபைப் பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி. கேரளத்து அம்பலக்காட்டில் 1679-ல் அச்சானது, வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு அரை நூற்றாண்டு முந்தியது. வத்திக்கான் நூலகத்தில் கிடந்த பிரதியை வைத்துத் தனிநாயகம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். புலவர் சொற்களோடு, 17-ஆம் நூற்றாண்டில் ஜனங்கள் வாயில் புழங்கிய சொற்களும் அதில் பதிவாகியிருக்கின்றன. பேச்சுத்தமிழின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்டவேண்டிய புத்தகங்களில் அதுவும் ஒன்று.